பார்லியில் வைரஸ் எதிர்ப்புக்கு மார்க்கர்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நோய் தாக்கிய வயலில் விதைத்து, மஞ்சளாகாமல் நிற்கும் செடிகளைப் பொறுக்கி எடுத்தால் போதாதா? மரபணு இருக்கிறதா என்று டிஎன்ஏவில் காட்டும் அடையாளமான மார்க்கர் எதற்கு?

பல பத்தாண்டுகள் அப்படித்தான் தேர்வு செய்தார்கள், நல்ல ரகங்களும் கிடைத்தன. ஆனால் பார்லி மஞ்சள் தேமல் வைரஸும் பார்லி மென்தேமல் வைரஸும் அந்த முறைக்கு எளிதில் பிடிபடுபவை அல்ல. இரண்டையும் பாலிமிக்சா கிராமினிஸ் என்னும் வேர் ஒட்டுண்ணி மண் வழியாகப் பரப்புகிறது. அதன் உறக்க வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மருந்து தெளித்து அவற்றை ஒழிக்க முடியாது. வயலில் நோய் ஒரே சீராக வராமல் திட்டுத்திட்டாக வரும். ஒரு செடி பச்சையாக நிற்கிறதென்றால் அதற்கு எதிர்ப்புத்திறன் இருக்கலாம், அல்லது அது நின்ற இடத்தில் ஒட்டுண்ணி இல்லாமல் இருந்திருக்கலாம். பார்த்துப் பிரிக்க வழியில்லை. குளிர் போதாத ஆண்டில் நோய்க்குறி சரியாகத் தெரியாது. வெயில் ஏறி 20 டிகிரியைத் தாண்டினால் புதிய இலைகள் பச்சையாகவே வந்துவிடும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்த வைரஸ்களுக்கு எதிரான மரபணுக்களில் பெரும்பாலானவை ஒடுங்குதன்மை கொண்டவை. செடியில் இரண்டு பிரதியும் எதிர்ப்பு அல்லீலாக, அதாவது மரபணுவின் எதிர்ப்பு வடிவமாக, இருந்தால்தான் பலன் தெரியும். பின்கலப்பில், அதாவது நல்ல ரகத்தோடு திரும்பக் கலப்பதில், கிடைக்கும் செடிகளில் ஒரு பிரதிதான் இருக்கும் என்பதால் அத்தனையும் நோய்க்கு ஆளாகும். எதில் மரபணு இருக்கிறது என்று அறிய ஒவ்வொரு முறையும் தன்மகரந்தச் சேர்க்கை செய்து அடுத்த தலைமுறையைச் சோதிக்க வேண்டும். இரண்டு அல்லீல்களையும் தனித்தனியே காட்டும் மார்க்கர் இருந்தால் இரண்டு இலைப் பருவத்திலேயே விடை தெரிந்துவிடும். ஒவ்வொரு பின்கலப்புக்கும் ஒரு தலைமுறைக் காலம் மிச்சம்.

கேள்வி: நாட்டு ரகம் ஒன்றில் தேமல் எதிர்ப்பைக் கண்டிருக்கிறோம். அதற்கு மார்க்கர் உருவாக்கும் வேலையை எங்கிருந்து தொடங்குவது?

நோய்ச் சோதனையிலிருந்து. டிஎன்ஏ வேலை அதற்குப் பிறகுதான். சோதனை தளர்வாக இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் காப்பாற்றாது. காரணம் அடுத்த கேள்வியில் வருகிறது.

அந்த ரகத்தை நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகத்தோடு கலப்பு செய்யுங்கள். எஃப்1 செடிகள், அதாவது கலப்பின் முதல் தலைமுறை, நோயுற்றால் ஒடுங்கு மரபணு என்று கொள்ளலாம். அந்த எஃப்1-லிருந்து மகரந்தப்பை வளர்ப்பு மூலம் 100 முதல் 150 இரட்டித்த ஒற்றைமடிய வரிசைகளை, அதாவது டிஹெச் வரிசைகளை, உருவாக்குங்கள். எஃப்1-இன் தன்மகரந்தச் சேர்க்கையில் வரும் எஃப்2-வைவிட இதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஒவ்வொரு வரிசையும் முழுத் தூய்மையானது (இரண்டு பிரதியும் ஒன்றே) என்பதால் ஒரே மரபமைப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஒடுங்கு, ஓங்கு என்ற குழப்பமும் இல்லை.

மென்தேமல் வைரஸை இலைச்சாறு தேய்த்தே ஏற்றலாம். நோயுற்ற இலை 1 கிராமுக்கு 0.1 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட் கரைசல் 10 மில்லி என்ற அளவில் அரைத்து, இலையைச் சிராய்க்கும் கார்போரண்டம் தூள் சிறிது சேர்த்து, இரண்டு மூன்று இலைப் பருவத்தில் தேயுங்கள். 5 முதல் 7 நாள் கழித்து இன்னொரு முறை தேய்க்க வேண்டும். அதன்பின் செடிகள் 12 முதல் 15 டிகிரியில் இருக்கட்டும். 4 அல்லது 5 வாரம் கழித்து, சாறு தேய்த்த பழைய இலையை விட்டுவிட்டுப் புதிய இலைகளில் எலிசா (வைரஸ் புரதத்தைக் கண்டறியும் சோதனை) செய்யுங்கள். வரிசைக்கு 8 முதல் 10 செடி தேவை. ஒவ்வொரு தட்டிலும் நோய்க்கு ஆளாகும் பெற்றோர் ரகம் இருந்தே ஆக வேண்டும். அதிலேயே நோயுற்ற செடிகள் பத்தில் ஒன்பதுக்குக் குறைந்தால் அந்தச் சுற்றைத் தள்ளிவிட்டு மறுபடி செய்யுங்கள். மஞ்சள் தேமல் வைரஸ் சாறு தேய்ப்புக்கு இந்த அளவு ஒத்துழைக்காது. அதற்கு நோயுள்ள மண்ணில், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலோ ஆண்டிலோ, திரும்பச் செய்த சோதனைதான் நம்பகமானது.

முடிவுகள் வந்ததும் விகிதத்தைப் பாருங்கள். ஒரே மரபணு என்றால் டிஹெச் வரிசைகளில் 1:1 வரும். 120 வரிசைகளில் 52 எதிர்ப்பு, 68 நோய் என்று வந்தால், எதிர்பார்த்த விகிதத்திலிருந்து விலகலை அளக்கும் கை-வர்க்க மதிப்பு 2.13. வரம்பான 3.84-க்குக் கீழே இருப்பதால் ஒரே மரபணு என்று ஏற்கலாம். 45-க்கு 75 என்றால் மதிப்பு 7.5, ஏற்க முடியாது. எதிர்ப்பு முக்கால் பங்கு வந்தால், தனித்தனியே போதுமான இரண்டு மரபணுக்கள் இருக்கலாம். கால் பங்குதான் என்றால் இரண்டும் சேர்ந்தால்தான் பலன் என்று பொருள்.

அடுத்தது குரோமோசோமைக் கண்டுபிடிப்பது. எதிர்ப்பு உறுதியான 10 முதல் 15 வரிசைகளின் டிஎன்ஏவைச் சம அளவில் கலந்து ஒரு தொகுப்பு, நோயுற்றவற்றிலிருந்து இன்னொன்று. இரண்டையும் எஸ்என்பி சிப்பில் (டிஎன்ஏவின் ஓரெழுத்து வேறுபாடுகளை மொத்தமாகப் படிக்கும் தட்டு) ஒப்பிட்டால் எந்தப் பகுதியில் வேறுபடுகின்றன என்று தெரியும். வசதி இருந்தால் எல்லா வரிசைகளையும் தனித்தனியே சிப்பில் பார்ப்பது மேல்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். கண்ட பகுதி 3எச் குரோமோசோமின் நீண்ட கையில் முனைப் பக்கம் இருந்தால், அது ஏற்கெனவே தெரிந்த ரிம்4, ரிம்5 என்னும் எதிர்ப்பு அல்லீல்கள் அமரும் இடம். அந்த மரபணு இஐஎஃப்4இ என்பது 2005-லேயே உறுதியானது. 4எச் நீண்ட கை என்றால் ரிம்11, அதாவது பிடிஐஎல்5-1 மரபணுவாக இருக்க வாய்ப்புண்டு. புதையல் என்று நினைத்தது பழைய மரபணுவாக முடிவது அடிக்கடி நடக்கிறது. சந்தேகம் தீர ஒரு கலப்பு போதும். உங்கள் ரகத்தை அந்தப் பழைய மரபணு உள்ள ரகத்தோடு கலந்து எஃப்1-ஐச் சோதியுங்கள். இரண்டுமே ஒடுங்கு மரபணு என்ற நிலையில், எஃப்1 நோயின்றி நின்றால் இரண்டும் ஒரே மரபணுவின் அல்லீல்கள். நோயுற்றால் உங்களுடையது வேறு. கூடவே அந்த மரபணுவின் டிஎன்ஏ எழுத்து வரிசையையும் படித்துப் பாருங்கள். புது அல்லீலாக இருந்தால் அதற்கும் மதிப்பு உண்டு.

புதுசுதான் என்று உறுதியானால் இடத்தை நெருக்க வேண்டும். 100 டிஹெச் வரிசைகளில் ஒரு சென்டிமார்கன் (மரபணு வரைபடத்தின் தூர அலகு) தூரத்துக்குச் சராசரியாக ஒரே ஒரு குறுக்கேற்றம்தான் (இணைக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) கிடைக்கும். அது போதாது. 2000 எஃப்2 செடிகளை, மரபணுவின் இருபுறமும் உள்ள காவல் மார்க்கர்களால் மட்டும் பாருங்கள். 2000 செடி என்பது 4000 பாலணுக்களுக்குச் சமம். மார்க்கர்களுக்கு இடையே 5 சென்டிமார்கன் இருந்தால் ஏறக்குறைய 200 குறுக்கேற்றங்கள் அகப்படும். அந்தச் செடிகளின் எஃப்3 குடும்பங்களை மட்டும் நோய்ச் சோதனைக்கு அனுப்பினால் போதும். குடும்பத்துக்கு 20 செடிக்குக் குறையக் கூடாது. பிரியும் குடும்பத்தில் கால் பங்கு செடிகளே எதிர்ப்பு காட்டும் என்பதால், 99 சதவீத உறுதியோடு ஒன்றையாவது பார்க்கவே 17 செடி வேண்டும்.

மரபணு குரோமோசோமின் நடுப்பகுதிக்கு அருகே இருந்தால் பொறுமை வேண்டும். பார்லியில் அங்கே குறுக்கேற்றம் மிக அரிது. 6எச்-இல் உள்ள ரிட்3, மஞ்சள் குட்டை வைரஸ் என்னும் வேறொரு வைரஸை எதிர்க்கும் மரபணு, அப்படிப்பட்டது. வரைபடத்தில் மார்க்கர் மரபணுவை ஒட்டியே இருப்பதாகத் தோன்றும், டிஎன்ஏ அளவில் இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இருக்கும். வரைபடத் தூரத்தை மட்டும் பார்த்து மரபணுவைப் பிடித்துவிட்டோம் என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: 94 டிஹெச் வரிசைகளில் மார்க்கரும் எலிசாவும் 6 இடத்தில் முரண்படுகின்றன. மார்க்கர் 6 சென்டிமார்கன் தள்ளி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆறும் மார்க்கரில் நோய்வகை, எலிசாவில் வைரஸ் இல்லை.

அவசரப்படாதீர்கள். விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. உண்மையான குறுக்கேற்றம் இரு திசையிலும் ஏறக்குறையச் சமமாக விழும். மூன்று இப்படி, மூன்று அப்படி என்று வந்திருந்தால் நம்பலாம். ஆறும் இதே திசையில் தற்செயலாக விழ வாய்ப்பு 64-இல் ஒன்று. இவை தொற்றாமல் தப்பித்த செடிகள் என்றே நாங்கள் கருதுகிறோம்.

தப்பித்த செடி வரைபடத்தை எப்படிக் கெடுக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வரிசைகளில் 50 நோய்க்கு ஆளாகக்கூடியவை. அவற்றில் பத்தில் ஒன்று தப்பித்தால் 5 வரிசை பொய்யாக எதிர்ப்பு காட்டும். மார்க்கர் மரபணுவுக்குள்ளேயே அமர்ந்திருந்தாலும் வரைபடத்தில் 5 சென்டிமார்கன் தள்ளித் தெரியும். ஒவ்வொரு நோய்ச் சோதனைப் பிழையையும் கணினி ஒரு குறுக்கேற்றமாகவே எண்ணுகிறது.

சரிபார்க்க முதலில் மறுபக்கக் காவல் மார்க்கரைப் பாருங்கள். அந்த ஆறு வரிசையிலும் இருபுறமும் நோய்வகை அல்லீலே இருந்தால், நடுவில் மட்டும் எதிர்ப்பு இருக்க இரட்டைக் குறுக்கேற்றம் நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமார்கன் என்றால் அது ஆயிரத்தில் இரண்டு மூன்றுதான். பிறகு அந்த ஆறையும் 15 செடி வீதம் மறுபடி தொற்றவையுங்கள். டிஹெச் என்பதால் இது சாத்தியம். ஒரே ஒரு செடியில் வைரஸ் ஏறினாலும், அது விதைக் கலப்பால் வந்த செடி இல்லை என்று உறுதி செய்தபின், அந்த வரிசை நோய்வகைதான். எலிசா வரம்பையும் கவனியுங்கள். 405 நானோமீட்டரில் ஆரோக்கியமான செடிகளின் சராசரியோடு திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டி வரம்பு வைப்பது வழக்கம். ஆரோக்கியமான செடி இரண்டே இரண்டு வைத்துக் கணக்கிட்ட வரம்பு ஆடிக்கொண்டே இருக்கும். தட்டுக்கு 6 செடியாவது வையுங்கள்.

முரண்பாடு எதிர்த்திசையில், அதாவது மார்க்கர் எதிர்ப்பு காட்டியும் செடி நோயுற்று, வந்திருந்தால் யோசிக்க வேண்டியவை வேறு: குழாய் மாறியதா, வயலில் இருப்பது அந்த மரபணுவை வெல்லும் வைரஸ் வகையா, குறுக்கேற்றமா.

கேள்வி: ரிம்4, ரிம்5 இரண்டையும் ஒரே ரகத்தில் சேர்த்தால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்குமா?

சேர்க்கவே முடியாது. இரண்டும் ஒரே இஐஎஃப்4இ மரபணுவின் வெவ்வேறு அல்லீல்கள். தூய வரிசையில் ஒரு இடத்தில் ஒரு அல்லீல்தான் நிலைக்கும். ரிம்1, ரிம்11 இரண்டுக்கும் இதே நிலைதான், அவை பிடிஐஎல்5-1-இன் அல்லீல்கள்.

இஐஎஃப்4இ என்பது செடி தன் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்கும்போது பயன்படும் புரதம். வைரஸும் பெருகுவதற்கு அதையே பற்றிக்கொள்கிறது. எதிர்ப்பு அல்லீலில் சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் வைரஸின் பிடி நழுவுகிறது, செடியின் வேலை கெடுவதில்லை. எதிர்ப்பு ஒடுங்குதன்மையாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஒரு பிரதி மாறாமல் இருந்தாலும் வைரஸுக்குப் பிடி கிடைத்துவிடும். ஆனால் வைரஸும் சும்மா இருப்பதில்லை. தன் புரதத்தில் சிறு மாற்றம் செய்து புதுப் பிடி கண்டுகொள்கிறது. ஐரோப்பாவில் ரிம்4-ஐ மஞ்சள் தேமல் வைரஸின் 2-ஆம் வகை வென்றது. ரிம்5 அந்த வகையையும் தாங்கியது, பின்னர் அதையும் வெல்லும் வகைகள் தோன்றின.

அதனால் வெவ்வேறு மரபணுக்களை அடுக்குவதே வழி. 3எச்-இல் ரிம்4 அல்லது ரிம்5, 4எச்-இல் ரிம்11, 6எச்-இல் காட்டினத்திலிருந்து வந்த ரிம்14 என்று மூன்று குரோமோசோம்களில் எடுக்கலாம். மூன்றையும் ஒரு பிரதி வீதம் தாங்கும் செடியிலிருந்து டிஹெச் எடுத்தால் எட்டில் ஒன்று மூன்றையும் கொண்டிருக்கும். 95 சதவீத உறுதிக்கு 23 வரிசை போதும். எஃப்2-வில் மூன்றும் தூய நிலையில் இருப்பது 64-இல் ஒன்று, 191 செடி வேண்டும். இந்த வேலையில் மார்க்கருக்கு மாற்றே இல்லை. ஒரு மரபணு உள்ள செடியும் மூன்று உள்ள செடியும் நோய்ச் சோதனையில் ஒரே மாதிரி பச்சையாகத்தான் நிற்கும்.

கேள்வி: மார்க்கர் வழித் தேர்வு என்பது மரபணு மாற்றப் பயிரா?

இல்லை. கலப்பு வழக்கமான மகரந்தச் சேர்க்கைதான். பிறந்த செடிகளில் எதை வைத்துக்கொள்வது என்று தெரிந்துகொள்ளவே இலையில் சிறு துண்டு எடுத்து டிஎன்ஏ பார்க்கிறோம். செடிக்குள் எதையும் செலுத்துவதில்லை.

கேள்வி: ஹார்டியம் பல்போசம் காட்டினத்திலிருந்து வந்த ரிட்4 மரபணுவைப் பயன்படுத்துகிறோம். அசுவினிகள் பரப்பும் மஞ்சள் குட்டை வைரஸ் அண்டுவதில்லை. ஆனால் தூய நிலைக்கு வந்த செடிகள் நலிந்து போகின்றன. ஏன்?

அது ரிட்4-இன் குற்றமல்ல, அதோடு ஒட்டிவந்த அயலின் குற்றம். 3எச்-இல் அந்த மரபணுவுக்கு அருகிலேயே, இரண்டு பிரதியும் சேர்ந்தால் செடியை நலியவைக்கும் ஒரு காரணியும் காட்டினத் துண்டில் வந்துவிட்டது. ரிட்4 ஓங்கு மரபணு, நலிவு ஒடுங்குதன்மை. ஆகவே ஒரு பிரதி உள்ள செடி எதிர்ப்போடும் நலத்தோடும் இருக்கும், தூய்மையாக்கும்போதுதான் வினை தெரியும். இரண்டையும் பிரித்த வரிசைகளை ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மூலம் கிடைத்தால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

நீங்களே பிரிப்பதாக இருந்தால் கணக்கு இதுதான். மரபணுவின் ஒரு பக்கம் 2 சென்டிமார்கனுக்குள் குறுக்கேற்றம் நடந்த பாலணு ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு பெற, மரபணுவைத் தாங்கிய 149 பின்கலப்புச் செடிகளைப் பார்க்க வேண்டும். 1 சென்டிமார்கனுக்குள் என்றால் 299. இரு பக்கமும் ஒரே தலைமுறையில் வேண்டும் என்று ஆசைப்பட்டால் 2 சென்டிமார்கனுக்கே ஏழாயிரத்தைத் தாண்டும். ஆகவே முதல் பின்கலப்பில் ஒரு பக்கம், அடுத்ததில் மறு பக்கம். காட்டினத் துண்டு பார்லித் துண்டோடு சரியாக இணை சேராததால் குறுக்கேற்றம் இன்னும் குறையும், மேலே சொன்ன எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

பின்னணியை மீட்பதற்கும் இதே பின்கலப்புகளைப் பயன்படுத்துங்கள். முதல் பின்கலப்பில், திரும்பத் திரும்பக் கலக்கும் நல்ல ரகத்தின் பங்கு சராசரி 75 சதவீதம், இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75. இது சராசரிதான். எல்லாக் குரோமோசோம்களிலும் மார்க்கர் வைத்துச் சிறந்த செடியைப் பொறுக்கினால் ஒரு தலைமுறை முந்தலாம்.

கேள்வி: மஞ்சள் குட்டை வைரஸுக்கு எதிரான ரிட்2 மரபணுவை மார்க்கர் சரியாகக் காட்டிய செடிகளிலும் எலிசா வைரஸைக் காட்டுகிறது. மார்க்கர் தவறா?

மார்க்கர் சரியாகவே இருக்கலாம், அளக்கும் முறைதான் பொருந்தவில்லை. எத்தியோப்பிய நாட்டு ரகங்களிலிருந்து வந்த ரிட்2 தருவது தாங்குதிறன். வைரஸ் உள்ளே இருக்கும், செடி அவ்வளவு குட்டையாகாது, மஞ்சளாகாது, விளைச்சல் இழப்பு குறையும். இங்கே ‘உண்டு, இல்லை’ என்ற எலிசா முடிவு பயன்படாது. வைரஸின் அளவைப் பாருங்கள். அதைவிட முக்கியம், ஒரே வரிசையை இரண்டு பாத்திகளில் வளர்ப்பது. ஒன்றில் முதல் இரண்டு இலைப் பருவத்தில் செடிக்கு 10 வீதம் வைரஸ் தாங்கிய அசுவினிகளை விட்டு, 2 அல்லது 3 நாள் உறிஞ்சவைத்துப் பூச்சிமருந்தால் கொல்லுங்கள். மற்றதை அசுவினி அண்டாமல் காத்துக்கொள்ளுங்கள். இரண்டின் உயரத்தையும் மணி எடையையும் ஒப்பிட்டு வரும் இழப்புச் சதவீதமே மார்க்கரோடு பொருத்திப் பார்க்க வேண்டிய எண். ரிட்2-வோடு ரிட்3-ஐயும் சேர்த்த வரிசைகளில் வைரஸ் அளவே குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஒன்று 3எச், மற்றது 6எச் என்பதால் டிஹெச்-இல் நாலில் ஒன்று இரண்டையும் தாங்கும். 11 வரிசை பார்த்தால் 95 சதவீத உறுதி.

கேள்வி: காஸ்ப் சோதனையில் (எஸ்என்பி அல்லீல்களை ஒளியால் பிரித்துக் காட்டும் மார்க்கர் முறை) மூன்று புள்ளிக் கூட்டங்கள் பிரியாமல் வால் போல இழுத்துக்கொண்டு வருகின்றன. எங்கே தவறு?

பெரும்பாலும் டிஎன்ஏவில். பார்லியின் மரபணுத்தொகை நெல்லினுடையதைப் போல 12 மடங்கு பெரியது. ஒரு பிரதியின் எடையே ஏறக்குறைய 5 பிக்கோகிராம். 20 நானோகிராம் டிஎன்ஏ போட்டாலும் சுமார் 4000 பிரதிகள்தான் இருக்கும். நெல்லுக்குப் போட்ட அளவையே இங்கும் போட்டால் சமிக்ஞை பலவீனமாகும். எல்லாக் குழிகளிலும் செறிவு ஒரே அளவாக இருப்பது இன்னும் முக்கியம். வால் இழுப்பது பெரும்பாலும் செறிவு ஏற்றத்தாழ்வால்தான். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8-க்குக் கீழே போனால் குளோரோஃபார்ம் படியை இன்னொரு முறை செய்யுங்கள். முதிர்ந்த இலையைத் தவிர்த்து இளம் இலையில் 50 முதல் 100 மில்லிகிராம் எடுங்கள்.

பிரைமர் (டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழை) கலவையையும் சரிபாருங்கள். 100 மைக்ரோமோலார் கரைசல்களில் இரண்டு அல்லீல் பிரைமர்களும் 12 மைக்ரோலிட்டர் வீதம், பொதுப் பிரைமர் 30, நீர் 46, மொத்தம் 100. 5 மைக்ரோலிட்டர் வினைக்கு இதில் 0.07 மைக்ரோலிட்டர்தான் தேவை. அவ்வளவு சிறிய அளவை நேரடியாகக் குழியில் விட முயலாதீர்கள். மாஸ்டர் மிக்ஸோடு மொத்தமாகக் கலந்து பிரியுங்கள். சுழற்சி 94 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 61-இலிருந்து 55 வரை சுற்றுக்கு 0.6 டிகிரி இறங்கி 10 சுற்று, கடைசியாக 55-இல் 26 சுற்று. கூட்டம் முழுதாகப் பிரியாவிட்டால் 3 சுற்று கூட்டிப் படியுங்கள். தட்டு 40 டிகிரிக்குக் கீழே ஆறியபின்தான் ஒளியைப் படிக்க வேண்டும். சூடாகப் படித்தாலும் கூட்டங்கள் கலங்கித் தெரியும்.

இவ்வளவு செய்தும், இரண்டு அல்லீலும் உள்ள செடிகளின் நடுக்கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றால் பிரைமர் அமரும் இடத்தில் இன்னொரு எஸ்என்பி ஒளிந்திருக்கலாம். உங்கள் பெற்றோர் ரகங்கள் இரண்டின் டிஎன்ஏ எழுத்து வரிசையையும் எஸ்என்பிக்கு இருபுறமும் 50 எழுத்து வரை படித்து, அந்த இடத்தைத் தவிர்த்துப் பிரைமரை மறுபடி வடிவமையுங்கள், அல்லது எதிர் இழையில் அமையுங்கள். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு பெற்றோர், ஒரு எஃப்1, டிஎன்ஏ இல்லாத வெற்றுக் குழி இரண்டு இருக்கட்டும். எஃப்1 நடுக்கூட்டத்தில் விழாத தட்டின் முடிவைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள்.